'லாக்' ஆன செகண்ட் ஹேண்ட் போன்: உங்க ப்ரீபெய்டு சிம் வேலை செய்யுமா? காசு கொடுக்கும் முன் கடையிலேயே பார்க்க வேண்டியவை

மதுரை பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி டவுன்ஹால் ரோடு பக்கம் நடந்தால் பழைய போன் வாங்க, விற்க என்று போர்டு வைத்த கடைகள் வரிசையாக வரும். அங்கே அடிக்கடி காதில் விழும் வசனம் இது: "பாரின் பீஸ்ண்ணே. லாக் மட்டும்தான் இருக்கு. ஒரு நாள் கொடுத்தா ஓப்பன் பண்ணிரலாம். அதான் பாதி விலை."

பாதி விலை என்றதும் மனசு இறங்கிவிடும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எந்த லாக்?

கடைக்காரரும் நாமும் 'லாக்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறோம். உண்மையில் அந்த ஒரு வார்த்தைக்குள் குறைந்தது நாலு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றுதான் சிம் கார்டு சம்பந்தப்பட்டது. அதை முறையாக நீக்க வழி இருக்கிறது. மற்றவை முந்தைய உரிமையாளருக்கோ, கடன் கொடுத்த நிறுவனத்துக்கோ, போலீஸ் புகாருக்கோ கட்டுப்பட்டவை. எது என்று தெரியாமல் காசு கொடுத்தால் கையில் மிஞ்சுவது கண்ணாடியும் பேட்டரியும்தான்.

சிம் போட்டதும் திரையில் என்ன வருகிறது?

முதல் வேலை, உங்கள் சிம்மைக் கழற்றி அந்த போனில் போட்டுப் பார்ப்பது. "வேற சிம் போட்டுக் காட்டுறேன்" என்று கடைக்காரர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். நீங்கள் தினமும் பயன்படுத்தப் போகும் ப்ரீபெய்டு சிம்தான் அதில் ஓட வேண்டும்.

'சிம் நெட்வொர்க் அன்லாக் பின்' என்று கேட்டாலோ, ஐபோனில் 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்று வந்தாலோ அது நெட்வொர்க் லாக். வெளிநாட்டு டெலிகாம் நிறுவனம் ஒன்று தவணையில் விற்ற போன் அது. அவர்களின் சிம் தவிர வேறு எதையும் ஏற்காது. ஐபோனில் இதை உறுதி செய்ய இன்னும் எளிய வழி உண்டு. செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய்க் கீழே இறங்கினால் 'கேரியர் லாக்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் பிரச்னை இல்லை. வேறு எது இருந்தாலும் லாக்தான்.

சிம் சிக்னல் காட்டுகிறது, ஆனால் பழைய ஜிமெயில் கணக்கைக் கேட்கிறது என்றால் அது கூகுள் லாக். யாரோ ஒருவரின் ஆப்பிள் ஐடி பாஸ்வேர்டைக் கேட்டால் ஆக்டிவேஷன் லாக். "தவணை கட்டவில்லை" என்ற அறிவிப்பு வந்தால் ஈஎம்ஐ லாக். எல்லாம் சரியாக இருந்தும் எந்தக் கம்பெனி சிம் போட்டாலும் நெட்வொர்க் ஏறவே இல்லை என்றால் கவனம் தேவை. ஆன்டெனா கோளாறாக இருக்கலாம். திருட்டுப் புகாரில் முடக்கப்பட்ட போனாகவும் இருக்கலாம்.

நம்ம ஊர் போனில் நெட்வொர்க் லாக் உண்டா?

பெரும்பாலும் இல்லை. இந்தியாவில் போன் தனி, சிம் தனி என்றுதான் வியாபாரம் வளர்ந்தது. விதிவிலக்குகள் உண்டு. 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் கொடுத்த சிடிஎம்ஏ போன்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்; அதில் வேறு கம்பெனிக்கு மாறவே முடியாது. 2008 ஆகஸ்ட் 22-ல் ஏர்டெல்லும் வோடஃபோனும் 31,000 ரூபாய்க்கு இறக்கிய ஐபோன் 3ஜி-யும் லாக் போட்டே வந்தது. 2017-ல் 1,500 ரூபாய் டெபாசிட்டில் வந்த ஜியோபோனில் ஜியோ சிம் மட்டுமே ஓடும். இப்போது 'ஜியோபாரத்' பட்டன் போனும் அப்படித்தான். ஊர்ப் பக்கம் பெரியவர்களுக்கு இந்தப் பட்டன் போனை இரண்டாம் கையாக வாங்கிக் கொடுப்பவர்கள், அதில் பிஎஸ்என்எல் சிம் போட முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆக, மதுரையில் நெட்வொர்க் லாக் என்று வந்தால் அது அநேகமாக வெளிநாட்டிலிருந்து வந்த போன். எந்த நாடு என்பது முக்கியம். கனடாவில் 2017 டிசம்பர் முதலும், பிரிட்டனில் 2021 டிசம்பர் முதலும் லாக் போட்ட போன் விற்கவே தடை. ஜப்பானிலும் 2021 அக்டோபர் முதல் சிம் லாக் போடுவது நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய மாடல் என்றால் லாக் இருக்கலாம். அமெரிக்காவில் இன்றும் இந்தப் பழக்கம் தொடர்கிறது. ஐபோன் என்றால் அபவுட் பகுதியில் உள்ள மாடல் நம்பரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். சாய்கோட்டுக்கு முன் எல்எல் என்று இருந்தால் அமெரிக்கா, ஜே மட்டும் இருந்தால் ஜப்பான், ஹெச்என் என்றால் இந்தியா.

அன்லாக்: யார் செய்யலாம், எப்படி?

சுருக்கமான பதில்: லாக் போட்ட கம்பெனிதான் எடுக்க முடியும். ஆப்பிள் நிறுவனமே கூட நேரடியாக எடுத்துத் தராது. டெலிகாம் கம்பெனி அனுமதி கொடுத்த பிறகுதான் ஆப்பிள் சர்வரில் அது மாறும். உதாரணத்துக்கு அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் இதற்கென ஆன்லைன் படிவம் வைத்திருக்கிறது. அவர்களின் வாடிக்கையாளராக இல்லாதவர்களும் ஐஎம்இஐ எண் கொடுத்து விண்ணப்பிக்கலாம். நிபந்தனைகள்தான் முக்கியம்: போனுக்கான தொகை முழுசாகக் கட்டியிருக்க வேண்டும், குறிப்பிட்ட காலம் அவர்கள் நெட்வொர்க்கில் ஓடியிருக்க வேண்டும், தொலைந்தது அல்லது திருடப்பட்டது என்ற புகார் இருக்கக் கூடாது.

சொந்தக்காரர் அனுப்பிய போன் என்றால் பிரச்னை குறைவு. அவரையே அந்தக் கம்பெனியிடம் கேட்கச் சொல்லலாம். "மச்சான், போனை அனுப்புறதுக்கு முன்னாடி அன்லாக் போட்டு அனுப்பு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இங்கே ஒரு மாத அலைச்சல் மிச்சம். கடையில் வாங்கும் போனுக்கு அந்த மச்சான் கிடையாது. முதலில் வாங்கியவர் தவணையை முடித்தாரா என்பதை மதுரையில் உட்கார்ந்து யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் கடைகளில் 'ஒரு நாளில் ஓப்பன்' என்பது என்ன? இரண்டு வகை. ஆண்ட்ராய்டு போனுக்கு அன்லாக் கோடு வாங்கிப் போடுவது ஒன்று. சரியான கோடு என்றால் வேலை முடிந்தது. தப்பான கோடைத் திரும்பத் திரும்பப் போட்டால் சில மாடல்களில் கோடு கேட்கும் வசதியே நிரந்தரமாக மூடிக்கொள்ளும். இன்னொன்று, ஐபோனில் சிம்மின் மேல் ஒட்டும் மெல்லிய சிப். 'ஆர்-சிம்' என்பார்கள். இது லாக்கை எடுப்பதில்லை, போனை ஏமாற்றுகிறது. சாஃப்ட்வேர் அப்டேட் வந்தாலோ, போனை ரீசெட் செய்தாலோ மறுபடி சிக்னல் போய்விடும். கடையில் இருக்கும்போது ஜோராக ஓடும், பேருந்து மேலூர் தாண்டியதும் கதை மாறும். ஐபோனில் சிம் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள்; சிம்முக்கு அடியில் இன்னொரு தகடு ஒட்டியிருந்தால் அதை 'அன்லாக்டு' போன் என்று நம்பாதீர்கள்.

சிம் தட்டே இல்லாத போன்

இப்போது புதிதாக ஒரு குழப்பம் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14 முதல் அடுத்தடுத்த மாடல்களில் சிம் போடும் தட்டே கிடையாது, இசிம் மட்டும்தான். ஐபோன் 17 வரிசையில் ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் நாடுகளில் விற்பவையும் அப்படியே. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்புபவர்கள் அதிகம் உள்ள நம் மாவட்டங்களுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

இசிம் போன் என்றால் கையில் இருக்கும் சிம்மைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஜியோ, ஏர்டெல், வி மூன்றிலும் ப்ரீபெய்டு எண்ணை இசிம்மாக மாற்றலாம். பிஎஸ்என்எல்லும் 2025 ஆகஸ்ட்டில் தமிழ்நாட்டில் இந்தச் சேவையைத் தொடங்கியது. நிறுவனத்தின் ஆப்பிலோ ஸ்டோரிலோ மட்டும் மாற்றுங்கள். "இசிம் ஆக்டிவேட் பண்றோம், ஓடிபி சொல்லுங்க" என்று வரும் அழைப்பு மோசடி. ஓடிபி சொன்ன நிமிடத்தில் உங்கள் எண் அவர்கள் போனில் ஓட ஆரம்பிக்கும்.

இன்னொன்று. சிம் மாற்றினால் பாதுகாப்புக்காக முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும். அந்த ஒரு நாள் பேங்க் ஓடிபி வராது. வாடகை, பீஸ் கட்ட வேண்டிய நாளில் சிம் மாற்றாதீர்கள்.

இசிம் என்பதால் நெட்வொர்க் லாக் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. லாக் இருந்தால் இசிம்மும் ஏறாது.

கூகுள், ஆப்பிள் கணக்கு லாக்

ஆண்ட்ராய்டில் 2015 முதலும், ஐபோனில் 2013-ல் வந்த ஐஓஎஸ் 7 முதலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. திருடியவன் ரீசெட் போட்டு விற்கக் கூடாது என்பதற்காகவே வந்த ஏற்பாடு. அதனால் இதை உடைத்துத் தருகிறோம் என்பவரிடம் போவதற்கு முன், இந்த பாஸ்வேர்டு ஏன் விற்றவரிடம் இல்லை என்று யோசிக்க வேண்டும். மறந்துபோயிருக்கலாம், நியாயம்தான். ஆனால் மறந்தவர் தன் அக்கவுன்ட்டை மீட்டு எடுத்துவிட்டு விற்கட்டுமே!

கடையில் சோதிக்கும் முறை: உங்கள் இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட் போடுங்கள். விற்பவரையே ரீசெட் செய்யச் சொல்லுங்கள். ஆரம்பத் திரையில் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் கணக்கைப் போட்டு, முகப்புத் திரை வரும்வரை நகராதீர்கள். பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். டீ சொல்லிவிட்டு உட்காரலாம், தப்பில்லை.

வாங்கும்போது நல்லா இருந்த போன் 41-வது நாள் நின்றது

இது என் அத்தை மகன் கதை. திருமங்கலத்தில் இருக்கிறான். தெரிந்தவர் மூலமாக 7,500 ரூபாய்க்கு ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கினான். பாக்ஸ் இருந்தது, ஜிமெயில் எடுத்தாச்சு, ப்ரீபெய்டு சிம் போட்டதும் பட்டென்று ஓடியது. 41-வது நாள் காலையில் திரை முழுக்க ஒரு அறிவிப்பு: தவணை நிலுவை, கட்டினால்தான் திறக்கும். முதல் உரிமையாளர் ஈஎம்ஐயில் எடுத்து, பாதியில் விற்று, கட்டுவதையும் நிறுத்தியிருக்கிறார். ரீசெட் போட்டுப் பார்த்தான். திரும்பவும் அதே திரை. விற்றவர் போனை எடுக்கவில்லை. அவன் எனக்குக் கூப்பிட்டு, "நீ நியூஸ்லதானே இருக்க, ஏதாவது பண்ணு மாப்ள" என்றான். என்னால் ஒன்றும் பண்ண முடியவில்லை.

நாலு லாக்கில் இதுதான் மோசமானது என்பேன். மற்றவை கடையிலேயே முகம் காட்டிவிடும். இது காட்டாது. கடன் கொடுக்கும்போதே போனுக்குள் போடப்படும் கட்டுப்பாடு இது. சில பிராண்டுகளில் ரீசெட்டுக்கும் அசையாது. ஆனாலும் தடயம் இருக்கும். செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குள் 'டிவைஸ் அட்மின் ஆப்ஸ்' என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் நீக்க முடியாதபடி ஏதாவது கடன், ஃபைனான்ஸ் பெயர் இருந்தாலோ, "இந்தப் போன் ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற வரி இருந்தாலோ விலகிவிடுங்கள். ஈஎம்ஐயில் எடுத்த போன் என்று விற்பவர் சொன்னால், கடன் முடிந்ததற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். "கட்டி முடிச்சாச்சுண்ணே" என்ற வாய் வார்த்தை போதாது.

15 இலக்க எண்: இதைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்

*#06# என்று டயல் செய்யுங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள். பாக்ஸில் உள்ளதும், பில்லில் உள்ளதும், திரையில் வருவதும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு மெசேஜில் கேஒய்எம் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணை 14422-க்கு அனுப்புங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்திலும் ஆப்பிலும் இதே வசதி உண்டு.

பதிலில் பிராண்டும் மாடலும் வரும். கையில் இருப்பது ஒரு பிராண்ட், பதிலில் வருவது இன்னொரு பிராண்ட் என்றால் எண்ணை மாற்றியிருக்கிறார்கள். 'பிளாக்லிஸ்டட்', 'டூப்ளிகேட்', 'ஆல்ரெடி இன் யூஸ்' இந்த மூன்றில் எது வந்தாலும் வாங்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறையே சொல்கிறது.

இந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது? போன் தொலைந்தவர் போலீஸில் புகார் கொடுத்து, அதன் நகலோடு சிஇஐஆர் எனும் மத்தியப் பதிவேட்டில் பதிவு செய்கிறார். 2019-ல் மும்பையில் சோதனையாகத் தொடங்கி, 2023 மே மாதம் நாடு முழுக்க வந்த ஏற்பாடு இது. பதிவானதும் அந்த போன் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் ஓடாது. அதோடு முடியவில்லை. முடக்கப்பட்ட போனில் யாராவது சிம் போட்டால் அந்தத் தகவல் போலீஸுக்குப் போய்விடும். மதுரை போலீஸார் உட்பட பல ஊர்களில் மீட்ட போன்களை அடுக்கி வைத்து உரியவர்களிடம் ஒப்படைக்கும் செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த மேஜையில் இருக்கும் போன்களில் சிலவற்றை வேறு யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கியிருப்பார். பணம் திரும்பாது, ஸ்டேஷனுக்கும் போக வேண்டிவரும்.

"நம்பரை மாத்தித் தர்றோம், ஓடிரும்" என்று ஆசை காட்டுவார்கள். 2023 டெலிகாம் சட்டத்தின்படி அது மூன்று வருடம் வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கக்கூடிய குற்றம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவு தனி. பாதி விலை, பில் இல்லை, பாஸ்வேர்டு இல்லை என்ற மூன்றும் சேர்ந்த பிறகு "எனக்குத் தெரியாது சார்" என்ற பதில் எடுபடுவது கஷ்டம்.

வெளிநாட்டு போனுக்கு ஒரு எச்சரிக்கை. 14422-ல் சுத்தமாக வந்தாலும், அது விற்ற நாட்டில் திருட்டுப் பட்டியலில் இருக்கலாம். இங்கே சிம் ஏறினாலும் ஏறும். லாக் இருந்தால் மட்டும் அந்த நாட்டுக் கம்பெனி ஒருநாளும் எடுத்துத் தராது.

பழைய போனை விற்பவர்களும் ஐஎம்இஐ எண்ணை அரசுத் தரவுத்தளத்தில் சரிபார்க்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டன. அதைச் சொல்லிக் கடையில் கேட்கலாம். ஆனாலும் நீங்களே ஒரு எஸ்எம்எஸ் தட்டுவது நல்லது.

லாக் இல்லை, சிம்மும் ஏறியது. ஆனால் கால் போகவில்லை!

இப்படியும் நடக்கும். நெட் ஓடும், வாட்ஸ்அப் வரும், சாதாரண அழைப்பு மட்டும் போகாது. ஜியோ சிம் என்றால் காரணம் அநேகமாக வோல்ட்டி. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. அழைப்பும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். வெளிநாட்டு மாடலில் இந்திய நெட்வொர்க்குக்கான வோல்ட்டி அமைப்பு இல்லையென்றால் பேச முடியாது. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் சிம்களில் 2ஜி இருப்பதால் பேசுவதற்காவது வழி உண்டு. அதனால் கடையில் நெட்டை மட்டும் பார்க்காமல், ஒரு கால் போட்டுப் பேசியும் பாருங்கள்.

நெட் மட்டும் ஓடவில்லையா? ஏபிஎன் அமைப்பைப் பாருங்கள். பழைய கம்பெனியின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். மொபைல் நெட்வொர்க் பகுதிக்குள் போய் ஏபிஎன்னை ரீசெட் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் கையால் எழுதலாம்: ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, இடைவெளி இல்லாமல்.

டவுனில் ஃபுல் சிக்னல், உசிலம்பட்டி தாண்டித் தோட்டத்துக்குப் போனால் ஒன்றுமில்லை என்றால் பேண்ட் பிரச்னையாக இருக்கலாம். ஜியோவின் 4ஜி ஓடுவது 3, 5, 40 ஆகிய பேண்டுகளில். இதில் 5 என்பது தாழ்ந்த அலைவரிசை, டவர் தூரமாக இருந்தாலும் எட்டும். பிஎஸ்என்எல் 4ஜிக்கு அந்த வேலையைச் செய்வது 28. வெளிநாட்டு ஆண்ட்ராய்டு மாடல்கள் சிலவற்றில் இவை விடுபட்டிருக்கும். மாடல் எண்ணை கூகுளில் தட்டினால் பேண்ட் பட்டியல் கிடைக்கும். கிராமத்தில் இருப்பவர்கள் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்கலாம்.

போனோடு சேர்த்து சிம்மும் தந்தால்?

வாங்காதீர்கள். புது ப்ரீபெய்டு சிம்முக்கு உங்கள் அடையாள ஆவணம், உங்கள் முகம், உங்கள் ஓடிபி மூன்றும் வேண்டும். 2024 ஜனவரி முதல் பேப்பர் ஃபார்ம் முறையே இல்லை. ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன சிம்மை யாராவது நீட்டினால் அது வேறொருவர் பெயரில் இருக்கிறது. ஒருவர் பெயரில் அதிகபட்சம் ஒன்பது இணைப்புகள்தான் இருக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை ஓடுகின்றன என்பதையும் சஞ்சார் சாத்தியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள்

பில் இருந்தால் முதலில் அதோடு கடைக்குப் போங்கள். ஐஎம்இஐ எழுதிய பில் என்றால் உங்கள் பக்கம் பலம் அதிகம். பணம் திரும்பக் கிடைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 14422-ல் பிளாக்லிஸ்ட் என்று வந்த போனாக இருந்தால், அதில் வேறு வேறு சிம் போட்டுச் சோதித்துக்கொண்டே இருக்காதீர்கள். யாரிடமும் தள்ளிவிடவும் கூடாது. அணைத்து வைத்துவிட்டு, வாங்கிய தேதி, கொடுத்த தொகை, ஜிபே ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்துக் காவல் நிலையத்தில் நீங்களே ஒப்படையுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.